கடல்தண்ணீர் குடித்த சங்கிலி

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜெபக்கனி டீச்சர், என் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கோடு போட்ட நோட்டுதான் கொடுத்தீர்கள். ஆனால் என் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்பதில்லை. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. 'ழ' எழுதும்போது எனக்கு நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று என் மகள் மார்சலின் சிரிக்கிறாள். சங்கிலி பிடித்துத் தடித்துப்போன விரல்கள் இவை. பேனா இவற்றுக்குள் ஈர்க்குச்சி மாதிரி காணாமல் போகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தினமும் ஏதாவது எழுதி ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். என்ன எழுத என்று கேட்டேன். "மனசுல இருக்கறத எழுதுங்க தாத்தா. எழுதிட்டா சொன்ன மாதிரிதான்" என்றீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் வாயால் அதிகம் சொல்லாதவன்.

என் பெயர் இஞ்ஞாசி. கிளாடிசம்மாவின் படகுத்துறையில் சங்கிலி பார்க்கிற வேலை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுகளைக் கரைக்கு இழுத்து வேலை பார்ப்போம். ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பாதைகள் சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கும். படகைச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, மேட்டில் இருக்கும் விஞ்ச் இயந்திரத்தால் சங்கிலி போட்டு இழுப்போம். மேலே வந்த படகு அந்தச் சங்கிலியைப் பிடித்துத்தான் நிற்கும். சக்கரத்துக்கு மரக்கட்டையும் கொடுப்போம். ஆனால் பாசி பிடித்த பாதையில் கட்டையை மட்டும் நம்ப முடியாது. படகு நிற்கும்போது பெண்கள் அதன் அடியில் நுழைந்து, ஒட்டியிருக்கும் கூரான சிப்பிகளை, எங்கள் பேச்சில் கொட்டலசுகளை, சுரண்டி எடுப்பார்கள். மார்சலினும் அவர்களில் ஒருத்தி. மருமகன் மஸ்கட்டில் இருக்கிறான். போன் வரும்போது வரும்.

இன்று எனக்கு ஒரே சந்தோஷம். பச்சைப்படகு என்றே நான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த படகின் முகப்பில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஸ்டெல்லா மேரி. துறையிலேயே கனமான படகு. அதற்கு இவ்வளவு மெலிந்த பெயர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

புதுச் சங்கிலி வந்தது. எங்களுக்குத்தான் புதுசு. எங்கேயோ உடைத்த கப்பலில் இருந்து வந்தது. பழைய சங்கிலியைப் பார்த்தால் கிளாடிசம்மாவுக்குப் பயம். முட்டை போலிருந்த அதன் வளையங்கள் படகிழுத்துப் படகிழுத்து வெள்ளரிப்பிஞ்சு போல நீண்டுவிட்டன.

புதுச் சங்கிலியில் கறுப்பு மசகு அப்பியிருந்தது. கீழே தார், அதற்கும் கீழே துரு. அதை எரிக்க வேண்டும் என்றேன். தடைக்காலம் தொடங்கினால் சங்கிலியைத் தீயில் போட்டு எடுப்பது எங்கள் துறை வழக்கம். விஞ்ச் ஓட்டுகிற பொன்னுலிங்கம் ஒரு வளையத்தைத் தட்டிப் பார்த்தான்.

"ஓய், சத்தமே வேற மாதிரி இருக்கு. இது வேற இரும்பாக்கும். மண்ணெண்ணெய் வச்சுத் தொடச்சாப் போதாதா?"

"நீ விஞ்சைப் பாரு. சங்கிலி என் வேலை" என்றேன்.

"செரி. ஆண்டவரே சொல்லியாச்சு" என்று துண்டை உதறிக்கொண்டு போனான்.

சிரட்டையும் பழைய படகுப் பலகையும் அடுக்கித் தீ வைத்தோம். சங்கிலி செம்பருத்திப் பூ மாதிரி சிவந்தது. அப்போது கடல்தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால்தான் துருச் செதில் உரியும். முதல் குடத்தை நானே ஊற்றினேன். சங்கிலி சீறியது. பிறகு எல்லோரும் ஊற்றினார்கள். புகை விலகியபோது சங்கிலி சாம்பல் நிறத்தில் சுத்தமாகக் கிடந்தது. கிளாடிசம்மா வந்து பார்த்து, "அண்ணாச்சி கை வச்சா அது தனிதான்" என்றார்கள். வெட்டி எடுத்த நுனி வளையங்கள் சிலவும் அதே தீயில் கிடந்து அதே தண்ணீரில் நனைந்திருந்தன. பிறகு உதவும் என்று அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 22, புதன்

'செம்பருத்தி' என்று நேற்று சரியாக எழுதியிருக்கிறேன். மார்சலின் பார்த்துச் சொன்னாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வகுப்பு. வலை பின்னும் கூடத்தில் இன்று எங்கள் பாடப்புத்தகம் முடிந்தது. டீச்சர், நீங்கள் உங்கள் பழைய எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள். நடுவில் ஒரு பக்கம் திறந்து வாசிக்கச் சொன்னீர்கள். நான் வாசித்தது: கம்பியாக நீளும் தன்மை.

அந்த மூன்று சொற்களைத் தாண்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு நீங்கள் விளக்கினீர்கள். ஒரு பொருளைப் பிடித்து இழுத்தால் சில பொருள்கள் அறாமல் நீளும். மெல்லிய கம்பியாகக்கூட இழுத்துவிடலாம். தங்கம் அதில் முதல். வெள்ளி, செம்பு, அலுமினியம், சாதாரண இரும்பு எல்லாம் நீளும். கண்ணாடி, கரி, சுண்ணாம்புக்கட்டி, வார்ப்பிரும்பு நீளாது. நீங்கள் ஒரு சாக்பீசை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். டக். அவ்வளவுதான். பிறகு பழைய மின்விசிறியின் செம்புக் கம்பியைப் பிடித்து இழுத்தீர்கள். அது சுருள் பிரிந்து, இறுகி, கொஞ்சம் நீண்டு, மெலிந்து, பிறகுதான் அறுந்தது. மெலிந்த இடத்தை எங்கள் எல்லோருக்கும் காட்டினீர்கள்.

நான் கேட்டேன். "அப்ப எங்க பழைய சங்கிலி நீண்டுபோனது கெட்டதில்லையா டீச்சர்?"

"அது தகவல் தாத்தா. என்னால தாங்க முடியலன்னு அது முன்னாடியே சொல்லுது. நீளாத பொருள் சொல்லாமக் கொள்ளாம ஒடஞ்சிரும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வாழ்நாளெல்லாம் கையில் பிடித்திருந்த ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது. அதை நானே வாசித்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இரண்டு நாளாகக் கையில் கிடைப்பதையெல்லாம் இழுத்துப் பார்க்கிறேன். மெழுகுவர்த்தி முறிகிறது. வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி வளைகிறது. ஆகவே சூடும் இதில் சேர்த்தி. பால் பாக்கெட் உறை நீள்கிறது. அப்பளம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பரோட்டாக் கடை மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாவை வீசி விரித்துக்கொண்டே, "மைதாவ இழுத்தா இங்கேருந்து கோயில் வரைக்கும் போகும் பெரியவரே. இதையே கேப்பை மாவுல செய்யச் சொல்லும் பாப்போம்" என்றார். கல்லருகே காத்திருந்த ஆட்கள் சிரித்தார்கள்.

சாப்பிடும்போது மார்சலினிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"நான் எதுல சேத்திப்பா?" என்றாள்.

"நீ தங்கம்."

"அதான். தங்கம்னா இழுத்துக்கிட்டே இருக்கலாம்னு எல்லாருக்கும் நெனப்பு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கொட்டலசு கீறி அவள் விரல்கணுக்கள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாக இருக்கின்றன.

மே 1, வெள்ளி

கொக்கி ஒன்றைச் செப்பனிட ஆசாரி பட்டறைக்குப் போனேன். சுடலைமாடன் ஆசாரி உளிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சிவந்த உளியைத் தண்ணீரில் முக்கினார். அது சீறியது. பிறகு அதை எடுத்து மறுபடியும் தணலுக்கு ஓரமாக இளஞ்சூட்டில் வைத்தார். எனக்குப் புதிதாகப் படித்த திமிர். "ஆசாரியாரே, நீளும் தன்மைன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாது. சங்கதி தெரியும்."

"அந்த உளிய ஏன் மறுபடி சூட்டுல வைக்கீரு?"

"உருக்கு பாத்தீரா. செக்கச்செவேல்னு காய்ச்சித் தண்ணியில முக்கினா கல்லு மாதிரி ஆயிரும். ஆனா கண்ணாடி. இளஞ்சூடு காட்டி அதைச் சமாதானப்படுத்தணும். இல்லன்னா கை தவறிக் கீழ விழுந்தாலே பல்லு போயிரும்."

"எல்லா இரும்பும் அப்படியா?"

"சேச்சே. உங்க துறையில கெடக்கே பழைய சங்கிலி, அது தேனிரும்பு. அதைக் காய்ச்சிக் கெணத்துலயே போட்டாலும் ஒண்ணும் ஆகாது. வளையும், நீளும், அதோட சரி. கப்பல்ல வர்ற புதுச் சாமானெல்லாம் உருக்கு. அதுக்குப் பக்கத்துல தண்ணியக் கொண்டு போகப்பிடாது."

"உப்புத்தண்ணின்னா?"

"அது இன்னும் மோசம். வெடுக்குன்னு குளுந்துரும்லா. ஏன் கேக்கீரு?"

"சும்மாதான்."

வரும் வழியில் அரைக்கிலோ உப்பும் ஒரு கட்டு வெற்றிலையும் வாங்கினேன். உப்புப் பாக்கெட்டில் எழுதியிருந்ததை முழுக்க வாசித்தேன். நல்ல உப்பு என்றுதான் போட்டிருக்கிறது.

மே 2, சனி

மார்சலின் தண்ணீர் பிடிக்கப் போனபோது பழைய சங்கிலியில் கழற்றிய ஒரு வளையத்தை அம்மிக்கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். வளைந்தது. மறுபடி அடித்தேன். தட்டையானது. பிறகு புதுச் சங்கிலியிலிருந்து வெட்டிய வளையத்தை வைத்து அடித்தேன்.

ஒரே அடி. இரண்டு துண்டு. உடைந்த இடத்தில் சர்க்கரை மாதிரி மினுமினுத்தது.

சுத்தியல் ரொம்பக் கனம். அம்மிக்கல்லும் மேடு பள்ளம். அதனால் இதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. அந்தச் சங்கிலியில் கடல்தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது என்பது மட்டும் உண்மை.

துண்டுகளைத் துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். எழுதிவிட்டேன். மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

மே 3, ஞாயிறு

வகுப்பில் நோட்டைக் கேட்டீர்கள். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். டீச்சர், நோட்டு என் வேட்டி மடியில்தான் இருந்தது.

மே 5, செவ்வாய்

சின்னப் படகுகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. புதுச் சங்கிலி சுத்தமாக இழுக்கிறது. கிளாடிசம்மா குடையைப் பிடித்துக்கொண்டு சங்கிலி ஓரமாகவே நடந்து பார்க்கிறார்கள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, இம்மி நீளல. பழசுன்னா இந்நேரம் இழுபட்டுப் போயிருக்கும்."

"ஆமாம்மா" என்றேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு நூலை வைத்து வளையங்களை அளந்து பார்த்தேன். முதல் நாள் அளந்ததும் இதுவும் ஒன்றுதான். நீண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மற்றவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இங்கே எழுதத் தெரிகிறது.

பொன்னுலிங்கம் டீ வாங்கிக் கொடுத்தான். "என்ன ஓய், பேயடிச்ச மாதிரி இருக்கீரு? படிச்சவங்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆகுமோ?" என்றான். அவனிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் அன்றைக்கே மண்ணெண்ணெய் போதும் என்றவன். டீ நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

மே 8, வெள்ளி

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மார்சலின் பயந்துபோய் வேலைக்குப் போகவில்லை. கஞ்சி வைத்தாள். கோடாலித் தைலம் தடவினாள். "டாக்டர்ட்ட போவோம்ப்பா" என்றாள். "நீ பக்கத்துல இருந்தா போதும்" என்றேன். இது நல்ல வழியாகத் தெரிந்தது. தடைக்காலம் முடிகிறவரை நெஞ்சு வலிக்கலாம்.

மத்தியானம் பொன்னுலிங்கம் பார்க்க வந்தான். போகும்போது சொன்னான்: "மார்சலினுக்குப் பதிலா நம்ம அன்னலீலாவ அடியில விட்டிருக்கு. புதுப்பொண்ணு. கழுத்துல போட்ட மஞ்சள் கயிறு இன்னும் நெறம் மாறல. நல்லாத்தான் சுரண்டுது."

அவன் போன பிறகு எழுந்து உட்கார்ந்தேன். "வலி நின்னுட்டு. நாளைக்கு நீ வேலைக்குப் போ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. மார்சலின் என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். தைலத்தை மூடி வைத்தாள்.

மே 10, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. நாளை ஸ்டெல்லா மேரியை இழுக்கிறார்கள்.

மே 11, திங்கள்

இழுத்தாயிற்று. காலையில் தண்ணீர் ஏறியபோது தொடங்கி, வெயில் உச்சிக்கு வரும்போது மேலே வந்தது. ஒவ்வொரு அடிக்கும் சங்கிலி விறைத்துக்கொண்டு கம்பிபோல நின்றது. பழைய சங்கிலியாக இருந்தால் முனகும். இது ஒரு சத்தமும் போடவில்லை. இவ்வளவு அமைதியான சங்கிலியை நான் பார்த்ததில்லை. நான் அதன் பக்கத்திலேயே நடந்தேன். அறுந்தால் முதல் அடி எனக்கு விழட்டும் என்று தோன்றியது. அதுகூடப் பிரயோஜனமில்லாத நினைப்பு. படகு கீழே போவதை நான் நடுவில் நின்று தடுக்க முடியாது.

மேலே வந்து நின்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். கட்டை கொடுத்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தார்கள். மார்சலின் முதலில் போனாள்.

மே 12, செவ்வாய்

நாளெல்லாம் சங்கிலியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். வெயிலில் அது சுட்டது. பேனாவில் மை இருக்கிறது. எழுத வரவில்லை.

மே 13, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் மார்சலின் சாப்பாட்டுத் தூக்கோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தூக்கைத் திறக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். வளையத்தின் இரண்டு துண்டுகள்.

"இது எப்பப்பா ஒடஞ்சது?"

"எங்க எடுத்த?"

"தகரப்பெட்டியில. போன ஞாயித்துக்கெழமைக்கு முந்துன ஞாயிறே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா அடியில போன?"

"நீங்க ஒண்ணும் சொல்லலியே. ஆபத்துன்னா அப்பா சொல்லிருவாகன்னு போனேன். இன்னைக்குச் சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

என் வாயிலிருந்து வந்த பதில் இதுதான். "எழுதியிருக்கேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாதவள் மாதிரி கேட்டாள். "யாருக்கு?"

படகின் அடியில் அன்னலீலா ஏதோ பாட்டை முனகிக்கொண்டே சுரண்டுவது கேட்டது. சாப்பிட வராமல் இன்னும் நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள்.

எழுந்தேன். "எல்லாரும் வெளிய வாங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அன்னலீலா தலையை நீட்டி, "என்ன தாத்தா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றாள். மார்சலின் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

கிளாடிசம்மா கொட்டகையிலிருந்து வந்தார்கள். "என்ன அண்ணாச்சி, வேலை நடக்க வேண்டாமா?"

"அம்மா, இந்தச் சங்கிலி உருக்கு. இதைத் தீயில போடச் சொன்னது நான். கடல்தண்ணி ஊத்துனது நான். மொதக் குடம் என் கையால ஊத்துனேன். இது நீளாது. சொல்லாம முறிஞ்சிரும். ஒடச்சுப் பாத்துட்டேன்."

"எப்ப பாத்தீங்க?"

"மே ரெண்டு."

கிளாடிசம்மா நாளை எண்ண விரல் மடக்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பொன்னுலிங்கம், "நான் அன்னைக்கே..." என்று தொடங்கினான். அதற்கு மேல் சொல்லவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பழைய சங்கிலி கிடக்கும் கொட்டகைக்கு ஓடினான். அவன் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை நான் மறக்க மாட்டேன்.

பழைய சங்கிலியின் ஒரு நுனியை மேட்டில் இருக்கும் சிமெண்ட் தூணில் சுற்றிப் பூட்டினோம். மறுநுனியைப் படகு நிற்கும் வண்டியின் இன்னொரு கொக்கியில் மாட்ட வேண்டும். அதற்கு ஒருவர் புதுச் சங்கிலியை ஒட்டி உட்கார வேண்டும். அது அப்போது அறுந்தால் பாம்பு மாதிரி வீசி அடிக்கும். "நான் போறேன்" என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நியாயம்தான்.

உட்கார்ந்து கொக்கியை மாட்டினேன். பாசியில் கால் வழுக்கியது. என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் புதுச் சங்கிலி நின்றது. அப்போதும் அது சத்தம் போடவில்லை. பூட்டி முடித்துத் தவழ்ந்தே வெளியே வந்தேன்.

பொன்னுலிங்கம் விஞ்சைப் பிடித்தான். வெடுக்கென்று விட்டால் புதுசு முறியும். அவன் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது மாதிரி விட்டான். படகு அசைந்தது. ஒரு கையகலம் கீழே இறங்கியது. பழைய சங்கிலி நிமிர்ந்தது. வளையம் வளையமாக இறுகியது. முனகியது. அந்த முனகலைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டெல்லா மேரி நின்றது. புதுச் சங்கிலி தொய்ந்து தரையில் படுத்தது.

மார்சலின் வீட்டுக்கு என்னோடு வரவில்லை. அன்னலீலாவோடு நடந்து போனாள்.

மே 14, வியாழன்

காலையில் புதுச் சங்கிலியைக் கழற்றி அப்புறப்படுத்தினோம். தள்ளுவண்டியில் ஏற்றும்போது பொன்னுலிங்கத்தின் கையிலிருந்து ஒரு பகுதி நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. இடுப்பு உயரம்தான். பீங்கான் தட்டு விழுந்த மாதிரி சத்தம். ஒரு வளையம் இரண்டாகக் கிடந்தது.

இரண்டு நாள் முழுக்க ஸ்டெல்லா மேரியைப் பிடித்திருந்த சங்கிலி அது.

அன்னலீலா குனிந்து துண்டை எடுத்தாள். உடைந்த முனையை விரலால் தடவினாள். பிறகு கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளாடிசம்மா என்னிடம் சொன்னார்கள்: "இனிமே நீங்க சங்கிலிப் பக்கம் வர வேண்டாம் அண்ணாச்சி. பொன்னுலிங்கம் பாத்துக்கிடட்டும்."

"சரிம்மா."

"வேலை வேணும்னா இருக்கு."

நான் என்ன வேலை என்று கேட்பதற்குள் அன்னலீலா சொன்னாள். "தாத்தாவையும் எங்ககூட அடியில அனுப்புங்கம்மா. அப்பத்தான் சங்கிலி மேல அக்கறை இருக்கும்."

சில பெண்கள் சிரித்தார்கள். மார்சலின் சிரிக்கவில்லை. கிளாடிசம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சுரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்கள்.

மே 15, வெள்ளி

முதுகு நிமிரவில்லை. படகின் அடியில் இருந்து பார்த்தால் கடல் ஒரு சின்னக் கோடு. தலைக்கு மேல் அவ்வளவு பெரிய படகு. இங்கே படுத்துக்கொண்டுதான் இவர்கள் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மே 17, ஞாயிறு

டீச்சர், இன்று இந்த நோட்டை உங்களிடம் கொடுத்துவிட்டேன். மார்சலினுக்குத் தெரிந்துதான் கொடுத்தேன். நீங்கள் அதைக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தீர்கள். மே இரண்டாம் தேதிப் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். "நான் சொன்னதாலயா தாத்தா?" என்று கேட்டீர்கள். இல்லை டீச்சர். நீங்கள் எழுதச் சொன்னீர்கள், வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அது நானே சேர்த்துக்கொண்டது. திரும்ப நோட்டைக் கொடுத்தபோது என் எழுத்து முன்னைக்கு இப்போது நேராக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அது உண்மை. இந்த நேரத்திலும் எனக்கு அதில் சந்தோஷம் வந்தது. வரக்கூடாதுதான். வந்தது.

மார்சலின் புதன்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தைலம் தடவினாள், பேசவில்லை. இன்று வகுப்பு முடிந்து வந்ததும் அவள் முன்னால் உட்கார்ந்தேன். ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் நோட்டைப் பார்க்காமல் வாயால் சொன்னேன். சீறிய சத்தம், ஆசாரி சொன்னது, பொய்யான நெஞ்சுவலி, எல்லாம். பொன்னுலிங்கம் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று நினைத்ததையும் சொன்னேன். அது இந்த நோட்டில்கூட இல்லை.

அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "நானும் சொல்லியிருக்கணும்ப்பா. பெட்டியில பாத்த அன்னைக்கே கேட்டிருக்கணும். இழுத்துக்கிட்டே இருந்தா என்னைக்காவது நானும் அந்தப் புதுச் சங்கிலி மாதிரி ஆயிருவேன்."

பிறகு மஸ்கட்டிலிருந்து மூன்று மாதமாகப் போன் வரவில்லை என்று சொன்னாள். எனக்கு அது தெரியாது. போன் வரும்போது வரும் என்று முதல் பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். நாளை காலையில் இருவருமாகப் போய் மருமகனின் அண்ணனைப் பார்க்கப் போகிறோம்.

சங்கிலிப் பக்கம் வரக்கூடாது என்றுதான் உத்தரவு. ஆனால் தினமும் வேலை தொடங்கும்முன் பொன்னுலிங்கம் பழைய சங்கிலியை நூல் வைத்து அளக்கும்போது என்னையும் கூப்பிடுகிறான். அளந்ததும் நான் துறை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறேன். நேற்று சொன்னேன்: "இன்னைக்கு ஒரு மயிரிழை நீண்டிருக்கு."

படகின் அடியிலிருந்து அன்னலீலா, "கேட்டாச்சு தாத்தா" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் நான் உள்ளே போனேன்.

டீச்சர், அடுத்த வாரமும் எழுதுவேன். மார்சலினிடம் வாயால் சொல்லி முடித்ததை மட்டும்தான் எழுதுவேன். அதனால் பக்கம் கொஞ்சம் குறையலாம்.